ஹாஜா பஹீகாவின் இடது கை

எகிப்தின் தமன்ஹூரில், அடக்கத்துக்கு முன் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டும் வேலையைப் பத்தொன்பது வருஷமாகச் செய்துவருகிறேன். என் பெயர் இன்ஷிராஹ். மகன் பெயரைச் சேர்த்து உம் ஹாஷிம், அதாவது ஹாஷிமின் அம்மா என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். கால்வாயில் மூன்று நாள் கிடந்து ஊறிய உடம்பைக் கழுவியிருக்கிறேன். வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்து முதுகெல்லாம் புண்ணாகிப்போன கிழவிகளைக் கழுவியிருக்கிறேன். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து பருப்புச் சூப்பும் ரொட்டியும் சாப்பிடுவேன். ஒருநாளும் வயிறு புரட்டியதில்லை. புரட்டியது ஒரே ஒரு தடவை, அதுவும் மையித்தைப் பார்த்து இல்லை.

போன் மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. முன்பெல்லாம் ஒரு வீட்டில் மவுத்து என்றால் யாராவது ஓடிவந்து கதவைத் தட்ட வேண்டும். நான் சந்தைக்குப் போயிருந்தால் அவர்கள் வாசலில் நின்று அழுதுகொண்டிருப்பார்கள். இப்போது குரல் பதிவு ஒன்று வந்துவிடுகிறது, கூடவே வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதை டுக்டுக் ஓட்டுபவனிடம் காட்டினால் போதும், வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவான். வெந்நீருக்கும் இப்போது அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, குழாயைத் திருப்பினால் வருகிறது. இதையெல்லாம் குறை சொல்ல நான் யார்?

ஆனால் குளிப்பாட்டும் அறைக்குள் போன் வரக்கூடாது. நான், என்னோடு வேலை செய்யும் தஹானி, தண்ணீர் எடுத்துத்தர வீட்டுப் பெண் ஒருத்தி. அவ்வளவுதான் உள்ளே. தஹானி வாசலில் பிளாஸ்டிக் கூடையை நீட்டுவாள், எல்லோரும் போனை அதில் போட்டுவிட வேண்டும். சில பெண்கள் சிறுநீரகத்தைக் கழற்றிக் கேட்டதுபோல அவளை முறைப்பார்கள். தஹானி அசைய மாட்டாள். மையித்தால் தன் துணியைத் தானே இழுத்து மூடிக்கொள்ள முடியாது, அதற்காக நாம்தான் மூட வேண்டும். உள்ளே கண்டதைப் புருஷனிடம்கூடச் சொல்லக்கூடாது. எங்கள் வேலையில் பாதி இதுதான்.

குளிர்காலத்தில் ஒரு காலை, ஹஜ் செய்ததால் ஊரே ஹாஜா என்று மரியாதையாகக் கூப்பிட்ட பஹீகா காலமானார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தையல் சொல்லிக்கொடுத்தவர். ஆகஸ்ட் மாத வெயிலிலும் மணிக்கட்டில் பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். மகன் எஹாப் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறான், அவனும் மனைவி ரீஹாமும் அவரோடுதான் இருந்தார்கள். மகள் ஹனான் இத்தாலியில், மிலான் நகரத்தில். மத்தியான லுஹர் தொழுகைக்குள் அடக்கம் என்பதால் அவளால் வந்துசேர முடியாது. எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பாதி அழுகை, பாதி பேச்சு. ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுவீர்களா என்று கேட்டிருந்தாள். கஃபன் துணி கட்டியபிறகு, முகத்தை மூடுமுன் காட்டுகிறேன் என்று பதில் போட்டேன்.

ரீஹாம் தன் வீட்டு வேலைகளைப் போனில் எடுத்து உலகத்துக்குக் காட்டுகிறவள். படுக்கை விரிப்பது, திராட்சை இலையில் சோறு பொதிவது, படிக்கட்டு தேய்ப்பது. தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். பாத்திரம் கழுவுவதை வேடிக்கை பார்க்கவும் கூட்டம் இருக்கிறதே என்று சிரித்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்குத் தண்ணீர் எடுத்துத்தர அவளே முன்வந்து, யாரும் கேட்குமுன் போனைக் கூடையில் போட்டாள். நல்ல பெண் என்று நினைத்தேன்.

உடம்பை ஒரு வெள்ளைத் துணியால் மூடி, அதன் அடியில் கையை விட்டுத்தான் கழுவுவோம். இலந்தை இலைத் தண்ணீர் இரண்டு முறை, கடைசியாகக் கற்பூரத் தண்ணீர். இடப்பக்கம் வந்தபோது துணி கொஞ்சம் விலகி ஹாஜாவின் இடது கை தெரிந்தது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெந்து, சுருங்கி, மினுமினுப்பான தோல். மிகப் பழைய தீக்காயம். ரீஹாம் குவளையோடு அப்படியே நின்றுவிட்டாள். தனக்கே இது தெரியாது என்று முணுமுணுத்தாள். நான் கண்ணைக் காட்டி அவளை அடக்கினேன். அந்தக் கையை மெதுவாகத் தூக்கிக் கழுவினேன். மூலையில் ஒரு அலமாரி, அதன் தலையில் மடித்துவைத்த துண்டுகள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மையித்தின் முன்னால் நின்றுகொண்டு அலமாரி உச்சியை யார் பார்ப்பார்கள்?

கஃபன் கட்டியபிறகு தஹானி என் போனைக் கொண்டுவந்தாள். ஹனானுக்கு நானே பிடித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. தனக்காக அம்மாவின் நெற்றியைத் தொடச் சொன்னாள். தொட்டேன். இந்தச் சாமானைக் கண்டுபிடித்தவனுக்கு அல்லாஹ் நல்லது செய்யட்டும் என்று அப்போது மனசார நினைத்தேன்.

பதினோராம் நாள் சந்தையிலிருந்து மைக்ரோபஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண், மடியில் போன், கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பூனை, நகப்பூச்சு, யாரோ பொரிக்கும் கத்தரிக்காய். திடீரென்று என் குரல் கேட்டது.

“மெதுவா. தலையைத் தாங்கிப் பிடி.”

குனிந்து பார்த்தேன். என் கையுறை. என் நீல ஏப்ரன். மேலேயிருந்து எடுத்தது, ஓரத்தில் துண்டின் நுனி தெரிகிறது. வெள்ளைத் துணி விலகி, அந்தக் கை. யாரோ அதைப் பெரிதாக்கி, சுற்றிலும் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். மேலே மஞ்சள் எழுத்து: ‘என் மாமியாரைக் குளிப்பாட்டியபோது கண்ட அதிர்ச்சி, கடைசிவரை பாருங்கள்.’ அடியில் சோகமான புல்லாங்குழல். கீழே வரிவரியாக ஜனங்கள் எழுதியிருந்தார்கள். இது பாவிகளுக்குப் புதைகுழியில் கிடைக்கும் கப்ரு வேதனையின் அடையாளம் என்றான் ஒருவன். சூனியம் வைத்த கை என்றாள் இன்னொருத்தி. சிரிக்கிற மஞ்சள் முகங்களையும் போட்டிருந்தார்கள்.

அந்தப் பெண் ஒரு விதையைக் கடித்துத் தோலைத் துப்பிவிட்டு அடுத்ததற்குத் தள்ளினாள். இப்போது ஒருவன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கரும்புச்சாறு கடை ஓரத்தில் குனிந்து வாந்தியெடுத்தேன். கடைக்காரர் ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே எஹாப் வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்தது ரீஹாம். கறுப்பு உடுப்பு, ஆனால் முகத்தில் புதிதாகப் பூசிய பவுடர். எஹாப் சோபாவில் தேநீர்க் கிளாஸை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தான். என்னை எதிரே உட்காரவைத்தாள். அதை எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். பழைய போன் ஒன்றைத் துண்டுகளுக்கு நடுவே வைத்திருந்தாளாம். ஒளித்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை. ஞாபகத்துக்காகத்தான் எடுத்தாளாம்.

“முகத்தைக் காட்டலையேக்கா. முகத்தை மறைச்சுத்தானே போட்டிருக்கேன்” என்றாள்.

“கை?”

“கையில என்ன இருக்கு?”

“முப்பது வருஷமாப் பொத்தான் போட்டு மூடி வச்ச கைம்மா அது. கூடவே இருந்த உனக்குக்கூடக் காட்டாத கை.”

“செத்தவங்களுக்கு என்னக்கா வெக்கம்?” அவள் கோபப்படவே இல்லை, எனக்குப் பாடம் சொல்வதுபோலப் பேசினாள். “நாலு லட்சம் பேர் மாமிக்காக அல்லாஹ்கிட்ட துஆ செஞ்சிருக்காங்க. நம்ம தெருவில எத்தனை பேர் செஞ்சாங்க, சொல்லுங்க. உங்க வேலை எவ்வளவு புண்ணியமானதுன்னு இப்பத்தான் ஊருக்கே தெரியுது. நீங்க எனக்கு நன்றி சொல்லணும்.”

நான் எஹாப் பக்கம் திரும்பினேன். அந்த வீடியோவைப் பார்த்தாயா தம்பி என்று கேட்டேன்.

“பாக்கலக்கா” என்றான் கிளாஸைப் பார்த்தபடியே. “எனக்குத் தைரியம் இல்ல. போட்டது போட்டாச்சு. இப்ப எடுத்தா மட்டும் பாத்தவங்க கண்ணுலேருந்து போயிடுமா?”

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எதிர் அலமாரியில் ஆரஞ்சுப் பழத் தட்டுக்குப் பின்னால் இன்னொரு போன் நிற்பது தெரிந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். திரையில் நான்தான், நேரலையில். முக்காடு கோணலாக, நெஞ்சில் வாந்திக் கறையோடு. என் முகத்தின் மேல் சின்னச் சின்ன இதயங்கள் குமிழி குமிழியாக எழும்பிப் போய்க்கொண்டிருந்தன. கீழே எழுத்து ஓடியது. இதுதான் அந்தக் குளிப்பாட்டுற பொம்பளையா. மூஞ்சியைப் பாரு. இன்னும் சத்தம் போடச் சொல்லு. அழ வை, அழ வை.

அதை எங்கே அணைப்பது என்று தெரியவில்லை. பக்கவாட்டில் எல்லாம் அழுத்தினேன். இதயங்கள் நிற்கவில்லை. நான் தடவுவதைப் பார்த்து இன்னும் அதிகம் வந்தன. ரீஹாம் வந்து குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோலப் பக்குவமாக வாங்கிக்கொண்டாள்.

“குடுங்கக்கா, உடைஞ்சுடும்.” பிறகு திரையைப் பார்த்துக் குரலைக் குழைத்தாள். “அன்பானவங்களே, துக்க வீடு, எல்லாருக்கும் மனசு சரியில்ல. மன்னிச்சுக்கோங்க, அப்புறம் வர்றேன்.”

அவள் முகத்தில் துப்பியிருக்கலாம். வாயில் எச்சில் இல்லை. வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலையே ஹனானுக்குச் சொன்னேன். அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். மிலானில் இருக்கும் எகிப்துப் பெண்களே அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் காயத்தின் கதையை அப்போது சொன்னாள். ஹனானுக்கு மூன்று வயதாக இருந்தபோது மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்து அவள் பாவாடையில் தீப் பிடித்ததாம். அம்மா கையாலேயே அணைத்தாராம். இவளுக்குத் தொடையில் ஒரு சின்னத் தழும்பு, அம்மாவுக்கு முழுக் கை. தன்னைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைக்கு அது நினைவு வரக்கூடாது என்றுதான் சாகும்வரை மூடிவைத்திருந்தார். ஹனானுக்கே அத்தை ஒருத்தி சொல்லித்தான் தெரியும்.

“கப்ரு வேதனைன்னு எழுதுறாங்கக்கா” என்றாள். “எங்கம்மாவைப் பத்தி. நான் சும்மா இருக்கணுமா?”

சும்மா இரு என்று நான் சொல்லவில்லை, உண்மையை எழுது என்றேன். இன்றுவரை என்னை அரிப்பது அந்த வார்த்தைதான்.

ஹனான் அந்த வீடியோவின் கீழே நடந்ததை அப்படியே எழுதினாள், தன் பெயரோடு. மறுநாள் மத்தியானம் ரீஹாமின் அடுத்த வீடியோ வந்தது. ‘மாமியாரின் கை ரகசியம், உண்மை வெளிவந்தது.’ ஹாஜாவின் படுக்கையில் உட்கார்ந்து, ஹாஜாவின் முழுக்கைச் சட்டை ஒன்றை மடியில் வைத்துத் தடவியபடி, நாத்தனார் எழுதியதை வரிவரியாகப் படித்து அழுதாள். தீப்பிடித்த இடத்தில் நிறுத்தி, மூக்கைத் துடைத்து, பார்ப்பவர்களை இதயம் அனுப்பச் சொன்னாள். முதலாவதைவிட இதைப் பார்த்தவர்கள் அதிகம். சூனியம் என்று எழுதிய அதே ஜனங்கள் இப்போது தாயின் பாசம் என்று எழுதினார்கள். அதை வாசிக்கையில் முதல்நாள் வாந்தியைவிட மோசமாக இருந்தது. தஹானிதான் போனைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

ஹனான் ஒரு வக்கீலைப் பிடித்துப் புகார் கொடுத்தாள். மூன்று வாரத்தில் இரண்டு வீடியோவும் நீக்கப்பட்டன. அதற்குள் வேறு யார் யாரோ நகல் எடுத்துத் தங்கள் பெயரில் போட்டுவிட்டார்கள். ஒன்றில் முகக் கிரீம் விளம்பரம்கூட நடுவே வந்ததாம். ரீஹாம் கொஞ்ச நாள் அடங்கியிருந்துவிட்டுத் திரும்பவும் திராட்சை இலை பொதிய ஆரம்பித்தாள்.

எனக்கு அழைப்பு குறைந்தது. நான் கழுவினால் படம் வெளியே வந்துவிடும் என்று பேச்சு. அதைக்கூட நியாயம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஒரு வீட்டிலிருந்து வந்த குரல் பதிவைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. வீடியோவில் வந்த அக்கா நீங்கள்தானே, எங்கள் அம்மாவுக்கும் அதேமாதிரி எடுத்துத்தர வேண்டும், அண்ணன்மார் குவைத்தில் இருக்கிறார்கள் என்று, கல்யாணப் படம் பேசுவதுபோல மரியாதையாகக் கேட்டாள் ஒருத்தி. அவள் தாய் அப்போது இன்னும் உயிரோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த எண்ணை அழித்தேன். இப்போது அறைக்குள் போனதும் முதல் வேலையாகத் தஹானி நாற்காலி போட்டு ஏறி அலமாரி, பரண், திரைக்கம்பி எல்லாம் தடவிப் பார்க்கிறாள். நான் துண்டுகளை ஒவ்வொன்றாக உதறுகிறேன். மையித்து அதுவரை காத்திருக்கிறது.

வசந்தகாலத்தில் எஹாப் தனியாக என் வீட்டுக்கு வந்தான். தேநீர் கொடுத்தேன். கிளாஸ் காலியானபிறகு, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டதாகச் சொன்னான். நீக்கப்பட்டபிறகு தேடிப்பிடித்து நகலைப் பார்த்தானாம். பல தடவை.

“அதில இல்லாதது ஏதாவது இருக்காக்கா?” என்று கேட்டான். “அன்னிக்கு அம்மா எப்படி இருந்தாங்க, ஏதாவது ஒண்ணு. எனக்கு மட்டும்.”

“இருக்கு தம்பி. சொல்ல மாட்டேன்” என்றேன்.

அவன் தலையாட்டினான். அந்நேரம் பையில் போன் அதிர்ந்தது. வெளியே எடுத்தான். கண்ணில் நீர் நிற்கிறது, கட்டைவிரல் மட்டும் தன்பாட்டில் திரையை இரண்டு மூன்று முறை மேலே தள்ளியது. ஏதோ பாட்டு ஒரு விநாடி கேட்டது, பிறகு யாரோ சிரிப்பது. தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு ஸலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அவன் குடித்த கிளாஸைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். மற்ற கிளாஸ்களோடு அதை வைக்கக் கை வரவில்லை. குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன்.