தேக்கு வளையமும் மருமகள் ராசியும்

சித்திரை பிறந்ததும் என் தங்கை அழகம்மையை எங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடப் போவதாக அவளுடைய மாமனார் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அது 1952. அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஒரு தை மாதம் அந்த வீட்டுக்கு வாழப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக மழை இல்லை.

கொட்டாரத்துப் பக்கம் அவர்களுக்கு ஐந்து கோட்டை நெல் விதைக்கிற அளவுக்கு வயல். கால்வாயின் கடைமடை. மலையில் பெய்து, பேச்சிப்பாறை அணை நிரம்பி, மேலே இருக்கிறவர்கள் எல்லாம் பாய்ச்சி மிஞ்சினால்தான் அவர்களுக்குத் தண்ணீர். அணை வற்றிக் கிடப்பதற்கு இருபது வயதுப் பெண் என்ன செய்வாள்? எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மாதான் பிடித்து நிறுத்தினாள்.

நான் திருவட்டாற்றுக்கு அப்பால் காட்டிலாகா வெட்டுமரங்களை அடுக்கும் தடி டிப்போவில் வேலை பார்த்தேன். கோயம்புத்தூரில் பயிற்சிக்குப் போனபோது அங்கே ஒரு விஷயம் சொல்லித் தந்திருந்தார்கள். தேக்கு வருஷத்துக்கு ஒரு வளையம் போடும், புதியது பட்டையை ஒட்டி விழும். நல்ல மழை பெய்த வருஷத்து வளையம் அகலமாக இருக்கும். வறண்ட வருஷத்து வளையம் மெலிந்துபோகும். அணைக்கு மேலே மாசியில் வெட்டிய தேக்கு ஒன்று டிப்போவில் கிடந்தது. ரேஞ்சரிடம் கேட்டுக்கொண்டு அதன் அடித்தடியில் தட்டுப்போல ஒரு வட்டு அறுத்தேன். அழகம்மை வருவதற்கு முன்பே மழை குறைய ஆரம்பித்துவிட்டது என்று காட்டிவிடலாம் என்பது என் எண்ணம். பார்ப்பதற்கு முன்பே, "மரத்தையே சாட்சிக்குக் கொண்டுவாறேன்" என்று வீறாப்பாகச் சொல்லியனுப்பியும் விட்டேன்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். பட்டையை ஒட்டி இரண்டு வளையங்கள் நூலாக மெலிந்திருந்தன. அதற்கு உள்ளே இருந்தது நல்ல அகலம். அவள் கல்யாணத்துக்கு முந்திய மழை நன்றாகப் பெய்திருக்கிறது, பிந்திய இரண்டும் பொய்த்திருக்கின்றன. நான் சாட்சிக்குக் கூப்பிட்ட மரம் பிள்ளை பக்கம் பேசியது.

சொன்ன வாக்குக்காக வட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். உள்ளே இன்னும் எத்தனையோ மெலிந்த வளையங்கள் இருந்தன. அவற்றில் ஏதாவது ஒன்று கைகொடுக்காதா என்று வழியெல்லாம் நினைத்தேன். எப்படிக் கைகொடுக்கும் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் நிலைமைதான்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் வண்டி பூட்டி நின்றது. அழகம்மையின் டிரங்குப் பெட்டியை ஏற்றியாகிவிட்டது. அவள் நடையில் நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணே, நீயும் என்னைக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தியா?" என்று கேட்டாள்.

அவள் புருஷன் சுயம்புலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா முன்னால் வாய் திறக்காத மனிதர்.

பிள்ளை வட்டைப் பார்த்துச் சிரித்தார். "என்னவே வள்ளிநாயகம், அடுப்பெரிக்கவா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் மூடரல்ல, கவனமாகத்தான் கேட்டார். "மலையில பெய்யதுதானே எங்க வயலுக்கு வருகு. அங்க நிக்க மரத்துக்குத் தெரியாம இருக்குமா? சரி, அந்தக் கையை எடும். ஓரத்துல என்ன மறைக்கீரு?"

கட்டைவிரலை எடுத்தேன்.

"ரெண்டு மெலிசு. ரெண்டு வருஷம். பொறவு என்னவே பேச்சு? நீரே கொண்டாந்து காட்டிட்டீரே!" என்றவர், பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இவ மேல விரோதம் ஒண்ணும் இல்ல. எனக்க மூத்த சம்சாரம் வடிவாம்பாளையும் இப்பிடித்தான் பூதப்பாண்டிக்கு அனுப்பினேன். தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு ஆறு வருஷம் முந்தி, இதே சித்திரையில. அந்த வருஷமே மழை கொட்டிச்சு. பொறவுதான் இவ வந்தா."

இவள் என்று அவர் காட்டியது அடுக்களை வாசலில் நின்ற தன் இரண்டாம் மனைவி பகவதியம்மாளை. ஊரே அந்த அம்மாளை ராசிக்காரி என்றுதான் சொல்லும். விதைப்பு நாளில் முதல் பிடி விதை அவள் கையால்தான் விழவேண்டும். வடிவாம்பாள் பிறந்த வீட்டிலேயே கிடந்து செத்துப்போனாள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

பெண்ணை அனுப்பினால் மழை வருமா? அதையும் இந்த மரம் பார்த்திருக்குமே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. கூடவே பயமும் வந்தது. அவர் சொன்னபடியே அந்த வளையம் அகலமாக இருந்துவிட்டால் தங்கையை நானே வண்டியில் ஏற்றவேண்டியதுதான்.

"மாமா, முதல்ல வெள்ளம் எதுன்னு பாப்போம்" என்றேன்.

கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. அந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. குண்டூசி முனையைப் பட்டையிலிருந்து உள்ளே நகர்த்தி எண்ணினேன். ஒருமுறை தவறிப்போய் முதலிலிருந்து தொடங்கினேன். இருபத்தெட்டில் எண்ணிக்கை முடிந்த இடத்தில் இருந்தது அந்த வட்டிலேயே பருத்த வளையம்.

"எனக்க மகன் சுயம்புலிங்கம் பொறந்த வருஷம்" என்றாள் பகவதியம்மாள். பிள்ளையும் குனிந்து பார்த்து, "வெள்ளந்தான், சந்தேகமில்ல" என்று ஒப்புக்கொண்டார்.

அங்கிருந்து உள்ளே ஆறு வளையம் போனேன். ஊசி நின்ற இடம் மெலிந்திருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"இதுதான் வடிவாம்பா அத்தையை அனுப்பின வருஷம். அவிய போன பொறவும் மழை பெய்யல்ல. அடுத்த வருஷமும் மெலிசு. அதுக்கு அடுத்ததும் மெலிசு. அதுக்கும் பொறவுதான் அகலம் வருகு, பாருங்க."

"மறுபடி எண்ணும்."

எண்ணினேன். ஊசி அதே இடத்தில்தான் நின்றது.

"மரம் பொய் சொல்லுகு!" பிள்ளை கத்தினார். "எனக்கு ஓர்மை இல்லியா? அவ வண்டி வாய்க்காலத் தாண்டல்ல, அதுக்குள்ள மழை பிடிச்சிட்டு!"

நான் சோர்ந்துபோனேன். அந்த வீட்டில் அவர் நினைவை மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? அழகம்மை வண்டியைப் பார்த்து நடந்தாள்.

"நில்லு மக்கா" என்றாள் பகவதியம்மாள். வந்து வட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் வந்தது வெள்ளத்துக்கு நாலு வருஷம் முந்தி. எதுன்னு காட்டு."

காட்டினேன். மெலிந்த மூன்றில் கடைசி வளையம் அது. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மரம் பொய் சொல்லல்ல. நான் வந்த வருஷம் கிணத்துல சேறுதான் வந்துது. மரச்சீனிக் கெழங்கத் தின்னுட்டுக் கெடந்தோம். மழை அதுக்கு அடுத்த வருஷந்தான்."

பிள்ளை அவளையே வெறித்துப் பார்த்தார். "இத்தன காலமா ஏம்ட்டி சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா என்னையும் வண்டி ஏத்தியிருப்பியளே."

வெளியே வண்டிக்காரன் நேரமாகிறது என்று குரல் கொடுத்தான். பகவதியம்மாள்தான் எழுந்து போய், மாட்டை அவிழ்க்கச் சொன்னாள்.