குறைப்பதைக் குறைத்தல்

ஷேக் பரீதின் கீழிமையை டாக்டர் பிரகதீஸ்வரி விரலால் இழுத்துப் பார்த்தபோது, நஜ்மாவும் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கணவரின் கண்ணில் மஞ்சள் குடியேறி மாதங்கள் ஆகிவிட்டன. பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டியில் "என்ன பாய், மறுபடியும் மாப்பிள்ளை ஆயிட்டீங்களா, இவ்வளவு மஞ்சப் பூசியிருக்கீங்க?" என்று கேலி செய்தவர்கள்கூட இப்போது பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அவர் உடலில் இயங்குவது ஈராண்டுகளுக்கு முன் நஜ்மா கொடுத்த சிறுநீரகம்.

"சென்னைக்கு அனுப்பின ரத்தத்துல வைரஸ் இருக்குங்க. ஹெபடைட்டிஸ் ஈ. பெரும்பாலும் தண்ணியில வர்றது. மத்தவங்களுக்குத் தானாவே போயிடும்."

"முதல் டெஸ்ட்டுல இல்லைன்னு வந்துச்சே டாக்டர்?"

"அது வைரஸைத் தேடலம்மா. வைரஸை எதிர்த்து உடம்பு எதையாவது செஞ்சிருக்கான்னு தேடுச்சு. உங்க கிட்னியை எதிர்க்கக் கூடாதுன்னு மாத்திரை குடுத்து அடக்கி வச்சிருக்கோம். அந்த உடம்பு வைரஸையும் எதிர்க்கல. இனிமே எதிர்ப்பைக் குறைக்கிற மாத்திரையைக் குறைக்கணும்."

அந்த வாக்கியத்தை நஜ்மா மனத்துக்குள் பிரித்துப் பார்த்தாள். குறைப்பதைக் குறைத்தால் கூடும். கூடுவது எதிர்ப்பு. கூடிய எதிர்ப்புக்கு, விரட்ட வேண்டிய அந்நியன் எது, இருக்க விட வேண்டிய அந்நியன் எது என்று யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

"அப்ப என் கிட்னியையும் அது கண்டுபிடிச்சிடுமா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கண்டுபிடிக்கலாம். அதனாலதான் கொஞ்சமாக் குறைச்சு, அடிக்கடி ரத்தம் பார்க்கப்போறோம். அதுலயும் போகலன்னா வேற மருந்து இருக்கு. விட்டுட்டா ஈரல் சுருங்கிடும்."

ஊர் திரும்பும் பேருந்து ஒரத்தநாட்டைத் தாண்டியதும் பரீத் அவள் பக்கம் திரும்பினார். வெளியே நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது.

"நான் குறைக்கப்போறதில்ல. மஞ்சளாவே இருந்துட்டுப் போறேன். நீ குடுத்ததை நானே காட்டிக்குடுக்கிறதா?"

"குடுத்தப்புறம் அது எப்படிங்க என்னுதாகும்? ஈரல் போயிட்டா, கிட்னிய மட்டும் மண்டியில உக்கார வச்சு யாவாரம் பாக்கப்போறீங்களா?"

முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பரீதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிரவு குறைத்த அளவையே விழுங்கினார். விழுங்கும்போது அவளைப் பார்க்கவில்லை.

சிறுநீரைத் தினமும் அளந்து, நிறத்தையும் கவனிக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் ஒரு காலையில், அளவுக்கோடு போட்ட குவளையுடன் பரீத் குளியலறையிலிருந்து வந்தார். நஜ்மா தயங்காமல் வாங்கிக்கொண்டாள். எவ்வளவு என்பது சிறுநீரகத்தின் சேதி. என்ன நிறம் என்பது ஈரலின் சேதி. இரண்டும் ஒரே குவளையில் நுரைத்துக்கொண்டிருந்தன.

"என்ன தெரியுது?"

"சும்மா இருங்க, ஆடுது."

ஜன்னல் திரையை ஒதுக்கி, கண்ணுக்கு நேராகக் குவளையை உயர்த்தி, அது அசைவடங்குவதற்காகக் காத்து நின்றாள். வெயில் அதனூடே புகுந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது.