இரண்டு முள்ளுக்கும் ஒரே குழாய்

ஏரோப்ளேனில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்த அந்த விஜயதசமி காலையில் எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. பட்டுப்புடவையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, இறக்கைமேல் கால் வைத்து, ஒரு குழிக்குள் இறங்கி உட்கார வேண்டும். திருமயம் சனம் பாதி அந்தப் பொட்டலில் கூடி நின்று அதை வேடிக்கை பார்க்கிறது. ஓட்டுகிற எங்க வீட்டுக்காரர் பின்குழியில், சும்மா வந்த நான் முன்குழியில். என்ன மரியாதையோ போங்கள், எதிலாவது முட்டினால் முதல் பலி நான்தான்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் அது. எனக்குக் கல்யாணமாகி வருஷம்கூடத் திரும்பவில்லை. மெட்ராஸில் ப்ளேன் ஓட்டப் படித்தவர், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து இந்தப் பழைய ரெண்டு சீட்டு ப்ளேனை வாங்கி வந்திருந்தார். "நல்ல நஞ்சையை வித்துத் தட்டான்பூச்சி வாங்கியாந்திருக்கான்" என்று என் மாமியார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்துவார்கள். அந்தத் தட்டான்பூச்சியோடு அவர் பேசுகிற பேச்சில் கால்வாசி என்னோடு பேசியிருந்தால் நான் பூரித்துப் போயிருப்பேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் 'தண்ணி கொண்டா', 'கதவச் சாத்து' அவ்வளவுதான். முகத்தை நிமிர்ந்து பார்த்ததுகூடக் கிடையாது. நான் கறுப்பு, அதனால்தான் பிடிக்கவில்லை என்று நானே முடிவுகட்டி, கொல்லைப்பக்கம் போய் அழுதிருக்கிறேன். அன்றைக்கும் அவராகவா கூப்பிட்டார்? புது மருமகளை வைத்து எடுத்தால் லட்சுமிகரம் என்று மாமியார் தள்ளிவிட்டதுதான்.

முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் கார் டிரைவர் மலையாண்டி, காருக்குச் செய்வதைப்போலவே ப்ளேனுக்கும் ஒரு இடம் விடாமல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தான். இறக்கையிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் குழாய் இருக்கும். பித்தளை மாதிரி பளபளவென்றிருந்ததால் அதன்மேல் அவனுக்கு விசேஷ பக்தி. குழாய் வாயில் நல்ல கட்டியாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் பொட்டு வைத்துவிட்டான். அது ராத்திரியே காய்ந்து கல்லாகிவிட்டது. அந்தக் குழாய் வழியாகக் காற்றுப் போனால்தான் வேகம் காட்டுகிற முள் நகரும் என்பது பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?

மேலே கிளம்பியதும் எரிச்சல் எங்கே போனதோ! கோட்டை ஒரு கொழுக்கட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. கண்மாய்கள் எல்லாம் சிதறிய கண்ணாடிச் சில்லுகளாகக் கிடந்தன. அம்மாடி என்று வாய்விட்டே சொன்னேன். இஞ்சின் சத்தத்தில் பேச முடியாது என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய். வாயில் பேசினால் மற்றவர் காதில் கேட்கும். அதில் அவர் குரல் வந்தது.

"ஒனக்கு முன்னாடி வட்டமா ஒன்னு இருக்கு பாரு. முள்ளு எங்கிட்டு நிக்கிது?"

"சைபர்ல நிக்கிதுங்க."

"இங்கயும் அப்படித்தான்" என்றார்.

ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் இரண்டு குழியிலும் ஆளுக்கொரு முள். ஆனால் இரண்டுக்கும் காற்று வருகிற குழாய் ஒன்றுதான். கிணறு இரண்டு தோண்டி, ஊற்று ஒன்றாக இருந்தால் என்ன பிரயோசனம்? வேகம் தெரியாமல் இறங்கக் கூடாதாம். ரொம்பக் குறைந்தால் கல்லைப்போல விழுந்துவிடும், கூடினால் பொட்டல் முடிகிற இடத்துக் கண்மாய்க் கரையில் போய் மோதும். பழுத்த ஆளாக இருந்தால் காற்றுச் சத்தத்தை வைத்தே இறக்கிவிடுவானாம். இவர் முள்ளை நம்பியே பழகியவர்.

"இடது பக்கம், ரெண்டு இறக்கைக்கும் நடுவுல கட்டை நிக்கிதுல்ல? அதுல ஒரு தகடு இருக்கு. காத்துக்குப் பின்னால சாயும். எந்த நம்பர்கிட்ட நிக்கிதுன்னு பாத்துச் சொல்லு."

சாண் அளவுத் தகரத் தகடு, ஒரு ஸ்பிரிங், பின்னால் வளைவாக எழுதிய எண்கள். அதற்குக் குழாயும் வேண்டாம், கிழாயும் வேண்டாம். காற்று அடித்தால் சாயும், அவ்வளவுதான். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் நம்பர் எனக்குத் தண்ணிபட்ட பாடு.

"எழுவது. ஏங்க, அது ஒங்களுக்கும் தெரியுமே?"

அவர் குரல் தணிந்து வந்தது: "எனக்குத் தூரத்து எழுத்து கலங்கும். கண்ணாடி போட்டா லைசென்சு போயிரும்னு யாருகிட்டயும் சொல்லல. நீ சொல்லு, நான் கேட்டுக்கிறேன்."

அட கடவுளே! இந்த மனுஷனுக்கு என் முகமே இத்தனை நாளும் சரியாகத் தெரிந்ததில்லையா? அந்தரத்தில் உயிர் ஊசலாடும்போது எனக்கு அதுதான் தோன்றியது. சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? பட்டேன்.

"அறுவத்தஞ்சு... அறுவது... ஏறுதுங்க, எழுவது, எழுவத்தஞ்சு!" முதல் தடவை கரைக்கு மேலேயே பறந்து போய்விட்டோம். கீழே சனம் கையைத் தட்டுகிறது, வித்தை காட்டுகிறார் என்று! திரும்பச் சுற்றி வந்தார். "அறுவது. அறுவது. அம்பத்தஞ்சு." "இப்படியே இருக்கட்டும்" என்றார். பனைமரங்கள் எதிரே வந்ததும் அவர் ப்ளேனின் மூக்கைத் தூக்கினார். வேகம் குறைந்து தகடு சரசரவென்று நிமிர்ந்தது. "அம்பது! கொறையுது! நாப்பத்தஞ்சு!" அதற்கும் அவர் தூக்கிக்கொண்டேதான் இருந்தார். மரத்தை மட்டும்தான் பார்க்கிறார், நான் சொல்வது காதில் ஏறவில்லை.

"ஆத்மநாதா!"

புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பி வைத்தார்கள். ஆவுடையார்கோயில் சாமி பேரும் அதுவாகப் போய்விட்டதால், கல்யாணத்துக்குப் பிறகு சாமியைக்கூட நான் 'அந்தக் கோயில் சாமி' என்றுதான் கும்பிடுவது. வாயில் வந்தது வந்துவிட்டது. சட்டென்று மூக்கு இறங்கியது. தகடு மறுபடி சாய்ந்தது. "அம்பது. அம்பத்தஞ்சு." பனை ஓலை உரசுகிற உயரத்தில் தாண்டி, பொட்டலில் குதித்து, இன்னொரு தரம் குதித்து, கரைக்கு முன்னால் முக்கி நின்றது.

இஞ்சின் அடங்கியது. சனம் தூரத்தில் ஓடிவருகிறது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு நேரம் பேசினதே இல்லை, பேசினதில் முக்கால்வாசி நம்பர்தான் என்று நினைத்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இனிக் குழாயே தேவையில்லை. ஆனாலும் அவர் அதில்தான் மெதுவாகக் கேட்டார்.

"சாமியக் கூப்பிட்டியா, என்னையவா?"

"அந்தச் சத்தத்துல சாமிக்குக் காது கேக்குமாக்கும்? அவரு காதுல கொழாயா மாட்டியிருக்கு?"

அவர் சிரித்தார். குழாய் வழியாக என் காதுக்குள் ஒரு சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் திறந்த வெளியில் ஒரு சிரிப்பு. நான் திரும்பிப் பார்க்காமல் இரண்டையும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.