முகத்துவாரத்தில் ரிப்பன்

எங்க வீட்டுக் கக்கூஸ் மறுபடியும் வாந்தி எடுத்துச்சு. வேற எப்படிச் சொல்றது? ஆத்து வாயை மணல் அடைச்சுட்டா ஊர்ச் சாக்கடை மொத்தமும் கடலுக்குப் போக வழியில்லாம மணலுக்கு உள்பக்கம் இருக்கிற காயல்ல தேங்கி, வந்த குழாய் வழியாவே எங்க தெருவுக்குத் திரும்பிடும். நடுவீட்டுல கணுக்கால் அளவு கருப்புத் தண்ணி. அதுல என்னென்ன மிதந்துச்சுன்னு கேக்காதீங்க, சோறு இறங்காது.

அன்னைக்குப் பார்த்து என் தங்கச்சி பச்சைக்குழந்தையோட ஆஸ்பத்திரியில இருந்து வர்றா. எங்க வீட்டை விட்டா அவளுக்குப் போக்கிடம் கிடையாது. குழந்தைக்குத் தொப்புள்கொடி இன்னும் விழல. சுத்தமான இடத்துல வச்சுக்கணும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. சுத்தமாம்!

ஆனா எனக்கு ஒரு தைரியம் இருந்துச்சு. மணலை வெட்டப்போற பொக்லைனை ஓட்டுறதே என் வீட்டுக்காரர்தான். "கடல் இறங்குற நேரமாப் பார்த்து ஒரு வாய்க்கால் கீறிவிட்டாப் போதும். காயல் தண்ணியே மிச்ச மணலை அறுத்துக்கிட்டு ஓடிடும். சாயங்காலம் வீட்டைக் கழுவி, குழந்தையைப் படுக்க வச்சிடலாம்"னு சொல்லிட்டுத்தான் காலையில கிளம்பினார்.

மனசு கேக்காம நானும் மணல்மேட்டுக்குப் போனேன். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு மைக்செட்டு முதல்ல வந்து கத்திக்கிட்டு இருந்துச்சு. பந்தல், நாற்காலி, மணலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். வேலையைத் தொடங்கி வைக்க யாரோ பெரியவர் வர்றாராம். தூ! சாக்கடைக்கு ஒரு திறப்புவிழா.

கடல் நல்லா இறங்கிக் கிடந்துச்சு. காயல் அதைவிட உசரமா, செத்த மீனும் நுரையுமா நின்னுச்சு.

"ஏங்க, வெட்டுங்க."

"பெரியவர் வந்துடட்டும்."

வெயில் ஏறுச்சு. பெரியவர் வரல. கடலும் ஏற ஆரம்பிச்சுச்சு.

"ஏங்க, கடல் திரும்பிடுச்சு. இனிமே வெட்டினா தண்ணி உள்ளதானே வரும்?"

"எனக்குத் தெரியாதா? நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தானே ஆகணும்?" முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

ஒருவழியாப் பெரியவர் வந்தார், கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு. ரிப்பனை வெட்டினார். என் வீட்டுக்காரர் மணலை வெட்டினார். கடல் குபுகுபுன்னு காயலுக்குள்ள பாய்ஞ்சுச்சு. "ஓடுது, ஓடுது!"ன்னு பந்தல்ல இருந்தவங்க எழுந்து நின்னு கை தட்டினாங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்க ஒருத்தருக்காவது கண்ணு இருந்துச்சா?

நான் தெருவுக்கு ஓடி வர்றதுக்குள்ள வீட்டுல முழங்கால் அளவு ஏறிடுச்சு. குழந்தைக்காகத் துவைச்சு அடுக்கி வச்சிருந்த துணியெல்லாம் கட்டிலோட அந்தப் பீத்தண்ணியில ஊறிக் கிடந்துச்சு.

தெருமுனை மேட்டுல ஆட்டோ நின்னுச்சு. தங்கச்சி துண்டுல சுத்தின குழந்தையோட உள்ளேயே உட்கார்ந்திருந்தா. "அக்கா, மாமா வெட்டிட்டாராமே! வடிஞ்சிடுச்சா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள இவர் வந்துட்டார், பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு, எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்க்காம. "பெரியவர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். போட்டோ எல்லாம் எடுத்தாங்க"ன்னார். குழந்தையை வாங்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க"ன்னேன்.

"கை கழுவிட்டுத்தான்டி வந்தேன்."

"எந்தத் தண்ணியில?"