பச்சைக் கம்பியில் ஒரு முடிச்சு

மெயினை அணைத்துவிட்டு, குளியலறைக்கு வெளியே இருந்த பிளக் மூடியின் இரண்டு திருகுகளையும் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு மூடியை இழுத்தேன். உள்ளே பச்சைக் கம்பி இருந்தது. அதன் நுனி எதிலும் சேரவில்லை. மடித்து, ஒரு முடிச்சுப் போட்டு, பெட்டியின் மூலையில் செருகியிருந்தது. முடிச்சின் மேல் பத்தொன்பது வருடத்துத் தூசி. துடைத்துப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, அது வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று என்று. வாயிலிருந்த திருகு ஒன்று நழுவித் தரையில் உருண்டு போனது.

வீட்டை விற்பதற்கு முன்னால் அதைச் சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுப்பது மேடத்தின் வேலை. படித்தவர், என்னைவிட இருபது வயது சின்னவர். ஏணி தூக்குவது, மூடிகளைக் கழற்றுவது, அவர் சொல்லச் சொல்லப் படிவத்தில் எழுதுவது என் வேலை. ஐம்பது தாண்டி எழுத்துப் படித்தவன் நான். என் எழுத்துகள் நூல் பிடிக்காமல் வைத்த செங்கல் மாதிரி முன்னும் பின்னுமாக நிற்கும். ஆனாலும் மேடம் பேனாவை என்னிடம்தான் கொடுப்பார். அன்று காலையிலிருந்து அந்த வீட்டில் எழுதியது ஒரு பக்கம் தாண்டியிருந்தது. அடுப்பின் கேஸ் டியூப் வெடித்திருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், பழச்சாறு பாட்டிலில் அமிலம். விரிப்புக்கு அடியில் ஓடிய வயர் மிதிபட்டு மிதிபட்டுத் தோல் உரிந்து கிடந்தது. மாடிக் கைப்பிடி, ஆடும் பல் மாதிரி ஆடியது. வீட்டுக்காரர் எங்கள் பின்னாலேயே வந்து, இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா வீட்டிலும் இதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். படிவத்தில் கடைசிக் கட்டம், வேலை செய்தவர் யார் என்பது. அதில் எப்போதும் ‘தெரியவில்லை’ என்றுதான் எழுதுவோம். நான் அதிகம் எழுதிய சொல் அதுதான். அந்த ஒரு சொல்லில் மட்டும் என் கையெழுத்து அழகாக இருக்கும்.

மேடம் தன் சோதனைக் கருவியின் மூன்றாவது விளக்கு எரியவில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். எர்த் இல்லை, எழுதுங்கண்ணா என்றார். எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை பழக்கத்தில் ‘தெ’ என்று போட்டது. அதற்கு மேல் போகவில்லை.

அந்தக் காலத்தில் எனக்கு எழுதத் தெரியாது. எந்த இடத்தில் என்ன வேலை பாக்கி என்று மற்றவர்கள் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பார்கள். நான் முடிச்சுப் போடுவேன். கம்பியில் முடிச்சு இருந்தால் அங்கே திரும்பி வர வேண்டும் என்று அர்த்தம். வேலை இடத்தில் என் பெயரே முடிச்சு. ‘முடிச்சக் கூப்பிடு’ என்றால் நான் போவேன். இந்த வரிசையில் பதினான்கு வீட்டுக்கும் நாங்கள்தான் வயரிங் செய்தோம். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியை அப்புறம் தோண்டிக்கொள்ளலாம், பச்சைக் கம்பியை மடித்து உள்ளே தள்ளு என்றார் மேஸ்திரி. பதினான்கு வீட்டிலும் முடிச்சுப் போட்டேன். அடுத்த வாரம் எங்களை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். குழியை யாரும் தோண்டவில்லை. திரும்பி வர வேண்டியவனும் வரவில்லை.

இதெல்லாம் ஒரு நொடியில் ஓடி முடிந்தது. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அந்த வருடமே என் தங்கை வீட்டுக்கு நான் ஒருத்தனே வயரிங் செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அங்கேயும் அதே கை, அதே பழக்கம். குழியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோண்டுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம்தான் போனில் பேசினாள். “சுடுதண்ணிக் குழாயத் தொட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருக்குண்ணே” என்றாள். செருப்புப் போட்டுக்கொண்டு குளி, வயசானால் எல்லாம் கடிக்கத்தான் செய்யும் என்றேன். உன் வாயையும் அந்தக் குழாயில் வைத்துக் கட்டுகிறேன் வா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் செய்த வேலையில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மணி இரண்டேகால். தையல் கம்பெனியில் அவளுக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். இரண்டரைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஹீட்டரைப் போடுவது, இரண்டாவது வேலை குளிப்பது. பஞ்சுத் தூசி மேலே இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. கம்பெனிக்குள் போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொல்வார்கள். வெளியே வந்ததும் அதை மாற்ற அவள் மறந்துவிடுவாள். மறுபடி போட்டேன். மறுபடியும் அடித்து நின்றது.

“என்னண்ணா, யார் வேலைன்னு எழுதலையா?” என்றார் மேடம்.

“என் வேலைம்மா” என்றேன்.

தங்கை விஷயத்தை எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. குழாய், எறும்பு, இரண்டரை மணி என்று உளறியிருப்பேன். அவர் ஏணியை அங்கேயே போட்டுவிட்டு வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி கட்டில் மெத்தை ஏற்றிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஆடி அசைந்து போனது. நான் பின்னால் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன். அந்தப் பதினான்கு போக இன்னும் எத்தனை வீடு என்று மேடம் திரும்பாமலே கேட்டார். நான் எண்ண ஆரம்பித்தேன். முப்பது தாண்டியதும் எண்ணிக்கை கலைந்தது. முதலிலிருந்து எண்ணினேன்.

தங்கை வீட்டு வாசலில் அவள் செருப்பு கிடந்தது. இரண்டும். செருப்பில்லாமல்தான் உள்ளே போயிருக்கிறாள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். பிறகு காது கொடுத்துக் கேட்டேன். தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“எந்தக் கட்டையில போறவன்டா கரண்ட்டப் புடுங்கினது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“நாந்தான் பாப்பா. வெளிய வா.”

“தலையெல்லாம் சோப்பு. எப்படி வர்றது?”

“சோப்போட வா. குழாயத் தொடாத.”

முணுமுணுத்துக்கொண்டே சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். நெற்றியிலிருந்து நுரை வழிந்து ஒரு கண் மூடியிருந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்து, மேடத்தைப் பார்த்து, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். நான் உள்ளே போய் ஹீட்டர் பிளக்கின் மூடியைக் கழற்றினேன். மேடம் டார்ச் அடித்தார். அங்கே இருந்தது. அதே மூலை, அதே மடிப்பு. பிரிக்கப் பார்த்தேன். நகம் ஏறவில்லை.

தங்கை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சோப்புத் தண்ணீர் என் கழுத்தில் சொட்டியது.

“இது உன் முடிச்சுல்ல?” என்றாள். “கடைக்குப் போறப்ப என்னென்ன வாங்கணும்னு என் ரிப்பன்ல போடுவியே, அதே முடிச்சு. இதை எதுக்குப் போட்ட?”

“மறக்காம இருக்க.”

 என் முதுகில் கையை வைத்தாள். ஈரக் கை. அதை எடுக்கவும் இல்லை.

குழி தோண்டி, கம்பி இழுத்து முடிக்க ஒரு நாள் ஆகும். அதுவரை அவள் ஹீட்டரைத் தொடக்கூடாது. பேனாவை எடுத்து பிளக்குக்கு மேலே சுவரில் ‘போடாதே’ என்று எழுதினேன். பெரிதாக, நிதானமாக, மூன்று எழுத்தும் ஒரே வரியில் நிற்க. திரும்பினால் தங்கை மூடாத கண்ணைச் சுருக்கி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துப் பள்ளிக்கு என்னோடு வா என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் கூப்பிட்டபோது, துணி தைக்கிறவளுக்கு எதற்கு அது என்று சிரித்தவள்.

“என்னண்ணே எழுதியிருக்க?”

நான் ஹீட்டர் வயரைக் கையில் எடுத்தேன். தடித்த வயர், வளைய மறுத்தது. வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அவள் பார்த்தாள், தலையை ஆட்டினாள், நுரையைத் துடைத்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு பச்சைத் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனாள்.

வாசலில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்த வீடுகளில் முதலில் எதற்குப் போவது என்று மேடம் கேட்டார். வருகிறேன் என்றேன். நான் விட்ட வயர் சுவரிலிருந்து தொங்கி, முடிச்சின் கனத்தில் ஒரு பக்கம் சுழன்று, நின்று, மறுபக்கம் சுழல ஆரம்பித்தது.