எதிர்த்த ஆறு பேர்

…கையக் கட்டிப் போட்டுட்டானுங்க, இல்லேன்னா தலைவரம்மா இந்த ஊரையே மாத்திக் காட்டியிருக்கும், பாவம்… காலையில் பால் பாக்கெட் வாங்கப் போன இடத்தில் யாரோ சொன்னது, யார் சொன்னார்கள், முகம்கூட நினைவில்லை, அந்தப் ‘பாவம்’ மட்டும் நாகவல்லியின் காதில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. பத்தரை மணிக்குத் தனி அலுவலர் வருவார், அலுவலகச் சாவியையும் முத்திரையையும் அவர் கையில் கொடுத்துவிட்டால் ஊராட்சித் தலைவர் என்ற ஐந்து வருடம் முடிந்தது, அவ்வளவுதான். எதற்கு இந்தப் பட்டுப்புடவை? பதவியேற்ற அன்று கட்டியது, அன்று வாணவேடிக்கை, இன்று தெருவில் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் இரண்டரை வருடம் நன்றாகத்தான் செய்தாள், செய்யவில்லையா? காலனியில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது அவளால்தான், தார் ரோடு அவளால்தான், மனை வாங்கிப் புதிதாகக் குடிவந்து, பட்டாபிராமில் போய் ரயிலேறுகிற பிளாட்காரர்களுக்கும் தெருவிளக்கு போட்டாள், நாற்று நட்ட அம்மாவுக்குப் பிறந்தவள் என்று முகம் சுளித்தவர்கள்கூட மனுவோடு அவள் முன்னால் நின்றார்கள்… அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு அந்த ஆறு பேர். யார் கேட்டாலும் அவள் சொல்கிற பதில் அதுதான், சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது, நான் இன்னா பண்ணட்டும், ஒன்பது பேர்ல ஆறு பேர் எதிர்க்கிறானுங்க, தீர்மானமே நிறைவேறலியே.

ஆறு பேர் எதிர்த்தது பொய்யில்லை. ஏன் எதிர்த்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை, கேட்கிற மாதிரி அவளும் விட்டதில்லை. துணைத் தலைவர் வேம்புலி அவள் புருஷனின் கூட்டாளி, ஒரே கம்பெனியில் ஒரே ஷிப்டு, புருஷன் செத்தபோது பாடையில் முதல் தோள் கொடுத்தவன், தேர்தலில் அவளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவன், அண்ணி அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். அன்றைக்குக் கிராம சபையில், அத்தனை கூட்டத்தில், நாலாவது தெருவுக்கு ஏன் விளக்கு இல்லை என்று யாரோ கத்தினார்கள், உடனே மைக்கைப் பிடித்து அவள் சொன்னாள், துணைத் தலைவரக் கேளுங்க, அவரு ஊட்டாண்ட மட்டும் போட்டுக்கினாரு. எல்லாரும் சிரித்தார்கள். எந்தெந்தத் தெருவுக்கு என்ற பட்டியலில் கையெழுத்துப் போட்டது அவள்தான், வேம்புலி வேண்டாம் அண்ணி, முதல்ல நாலாவது தெரு என்றுதான் சொல்லியிருந்தான்… ஏன் அப்படிச் சொன்னாள்? கேள்வி கேட்டால் யார் மேலாவது தள்ள வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன், அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் மகள் பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த கூட்டத்தில் அவன் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவன் அவளைத் தலைவரம்மா என்று கூப்பிட்டான். அன்றிலிருந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுவார்கள், டீ குடிப்பார்கள், தீர்மானம் என்றதும் ஆறு கைகள் எதிர்த்து எழும்பும். முதலில் இரவெல்லாம் அழுதாள். பிறகு… இதை மட்டும் யாரிடம் சொல்வது… பிறகு அதில் ஒரு சுகம் வந்தது. தண்ணீர் வரவில்லையா, அந்த ஆறு பேர். குப்பை அள்ளவில்லையா, அந்த ஆறு பேர். நல்லது செய்ய வேண்டிய பாரம் போய்விட்டது, நல்லவள் என்ற பேர் மட்டும் நின்றது.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் குறுக்கே கால்வாய், அதன் மேல் உடைந்த கரண்டுக் கம்பம் இரண்டைப் போட்டு அதன்மேல் நடந்துகொண்டிருந்தார்கள், அங்கே ஒரு சின்னப் பாலம் வேண்டும், நான்கு கூட்டத்தில் கொண்டுவந்தாள், நான்கிலும் தோற்றது. இதுவரைக்கும் ஊருக்குத் தெரியும். போன வருடம் ஆடி மாதம் ஒரு சாயங்காலம் வேம்புலி வீட்டுக்கு வந்தது ஊருக்குத் தெரியாது. உள்ளே வந்து உட்காராமல் நின்றுகொண்டே பேசினான். “மழைக்கு முன்னாடி பாலத்தக் கட்டிப்புடலாம். பசங்க போற வழி, அதுல வோணாம் நம்ம சண்ட. தெறப்பு விழா கல்வெட்டுல எல்லா உறுப்பினர் பேரும் போடு, அத்தினிதான். என் பேரு கூட வோணாம், மத்தவங்க பேரப் போடு. அடுத்த கூட்டத்துலயே ஒன்பது கையும் தூக்கும்.” எவ்வளவு சின்ன விஷயம், ஒரு கல்லில் எட்டு வரி… அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்றரை வருடம் என்னைத் தோற்கடித்துவிட்டு கல்லில் மட்டும் பேரா? “எதிர்த்து கை தூக்கினவன் பேரு என் கல்லுல வராது” என்றாள். “உன் கல்லா அண்ணி?” என்று கேட்டான், ரொம்ப நாளைக்குப் பிறகு அண்ணி என்றான், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு ஜெயித்த மாதிரி இருந்தது, நன்றாகத் தூங்கினாள்கூட.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. அங்கன்வாடி உதவியாளர் ஆக்னஸ் குழந்தைகளுக்கான முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கம்பத்தில் கால் வைத்தாள்… வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கி, மார்பளவு தண்ணீரில் கரையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கத்தியிருக்கிறாள். இறங்கித் தூக்கியவன் வேம்புலி. ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டையெல்லாம் சேறாக நின்றான், நாகவல்லியைப் பார்த்தான், சொல்லிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள், அவன் சொல்லவில்லை. அன்று மாலையே ஊர் திரண்டு அவன் வீட்டு முன்னால் நின்று கத்தியது, பாலத்தைத் தடுத்த பாவி என்று யாரோ அவன் முகத்தில் துப்பினார்கள், கூட்டத்தின் நடுவில் அவளும் நின்றாள், நின்றது மட்டுமா, வாயைத் திறந்து, நாலு தடவ தீர்மானம் கொண்ணாந்தேனே, கேட்டாங்களா, என்றும் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மொத்தமும் பொய். அப்போதும் அவன் ஒன்றும் சொல்லவில்லை… ஏன் சொல்லவில்லை? அவமானமா, செத்துப்போன நண்பனுக்காகவா, இல்லை, யாரும் நம்ப மாட்டார்கள் என்றா? தை பிறந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கரையான்சாவடியில் மகள் வீட்டோடு போய்விட்டான். அவளுக்கு எத்தனை நிம்மதியாக இருந்தது!

கால்கள் அலுவலகத்துக்குத் திரும்பாமல் அங்கன்வாடிக்கு வந்துவிட்டன. ஆக்னஸ் தரையில் உட்கார முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம் குட்டையாகிவிட்ட இடதுகாலை நீட்டியிருந்தாள், பக்கத்தில் ஊன்றுகோல். “வாக்கா, பட்டுப்புடவையா, நல்லா கீது” என்று சிரித்தாள். போன வாரம் தலைவரம்மாவுக்கு நடத்திய பாராட்டு விழாவில் மேடையேறி, எங்க அக்கா மட்டும் நெனச்சத செய்யவுட்டிருந்தா என் காலு நல்லா இருந்திருக்கும் என்று அழுதவள். அந்தக் கைதட்டலில் நாகவல்லி நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போதும் முட்டை ஓட்டைத்தான் பார்த்தாள், பார்த்துக்கொண்டே சொன்னாள், வேம்புலி வந்தது, கல்வெட்டு, என் கல் என்றது, எல்லாம், கோர்வையில்லாமல், முன்னும் பின்னுமாக. சொல்லி முடித்தபோதும் ஆக்னஸின் கை நிற்கவில்லை, இன்னொரு முட்டையை எடுத்தாள்.

“தெரியும்க்கா.”

“யாரு சொன்னது? வேம்புலியா?”

“அவரு எங்க சொன்னாரு. அன்னிக்கி நான் உன் ஊட்டாண்டதான் இருந்தேன். மனுல உன் கையெழுத்து வாங்கலாம்னு வந்தேன். எல்லாம் காதுல வுழுந்துச்சு.”

தெரிந்துமா, தெரிந்தே மேடையில் அத்தனை பேர் முன்னால் அழுதாயா, எதற்கு? ஆக்னஸே சொன்னாள். “உன்னையும் கெட்டவள்னு சொல்லிட்டா எங்க தெருவுக்குன்னு யார்க்கா கீறாங்க? ஒருத்தராவது நல்லவங்களா இருக்கணும்ல.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அன்னிக்கி உள்ள வந்து, போட்டாத்தான் இன்னாக்கா, பேருதானேன்னு சொல்லலாம்னுதான் நெனச்சேன். வாசப்படில கால வெச்சுட்டேன். உன் மூஞ்சியப் பாத்தேனா… பயமாப் பூட்ச்சு. அப்டியே திரும்பிப் பூட்டேன். நான் சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பே, இல்லக்கா? அத நெனச்சா எனக்குத்தான் ராத்திரில தூக்கம் வர்ல.”

இவளுக்கா தூக்கம் வரவில்லை? இவளுக்கு எதற்கு… “எங்கிட்ட சொல்லி இன்னாக்கா ஆவப்போவுது” என்றாள் ஆக்னஸ், “கரையான்சாவடிக்குப் போனியா? அங்கல்ல சொல்லணும்.” செல்போன் அடித்தது, ஊராட்சி செயலர், தனி அலுவலர் வந்து காத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காக இருக்கும், அடித்து அடித்து நின்றது. கேட்டிருப்பேனா, ஆக்னஸ் உள்ளே வந்து சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன் என்று சொல்லிவிடலாம், அவளாவது தூங்குவாள், ஆனால் அதுவும் இன்னொரு… அன்றைக்குத் தன் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள், தெரியவில்லை, தன் முகம் தனக்கு எப்படித் தெரியும். இரண்டரை வருடமாக ஆறு பேர் ஆறு பேர் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாளே, வாசற்படி வரை வந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது, அவர்கள் யாரும் கை தூக்கவில்லையே.