ஒரு புள்ளிக்குள் இடுகாடு

அப்பாவு சட்டைக்குள் மடித்து வைத்திருந்த வரைபடத்தை எடுத்து நவமணியின் மேசையில் விரித்தான்.

"பாருக்கா. புல்டோசரை நிப்பாட்டிட்டு வந்துட்டேன். நாளைக்கு வேற ஆள வச்சுத் தள்ளிருவாங்கக்கா."

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் விற்றுப்போன ரப்பர் தோட்டத்தில் அவனுக்கு மண் தள்ளும் வேலை. நவமணியும் அங்கே பிறந்தவள்தான். புருஷன் ராஜு செத்தபின் ஈப்போவுக்கு வந்து, நில அளவை அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டரில் இடங்களைப் பதிகிறாள். எண்பத்தேழில் அது ஊருக்கே புதிய வேலை.

தாள் முழுக்க வீட்டு மனைகள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, பக்கத்தில் 'இடுகாடு'. புள்ளியைச் சுற்றிச் சின்னதாக ஒரு வேலி.

"மிச்சச் சமாதியெல்லாம் எங்கக்கா? ராஜு அண்ணன் எங்க?"

அந்தப் புள்ளி நவமணி வைத்தது. ஒவ்வோர் இடத்துக்கும் கம்ப்யூட்டர் ஒரு பெயரும் இரண்டு எண்களும் கேட்டது: கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாள், கோயிலுக்குக் கொடுத்தாள். இடுகாட்டுக்கும் பழைய வரைபடத்தின் பச்சைப் பரப்பில் நடுவாக அளந்து கொடுத்தாள். இப்போது மறுபடி அளந்து பார்த்தாள். எண்கள் சரி. எங்கேயும் தப்பே இல்லை என்பதுதான் அவளை உறையவைத்தது.

முதலாளி ஜெயபாலன் எட்டிப் பார்த்தார். "வேற எப்படிம்மா போடுறது? ஒரு இடத்துக்கு ஒரு புள்ளி. அதே பேரைத் திரும்பப் போட்டா மெஷின் எடுக்காது."

அவர் உள்ளே போனபின் நவமணி பழைய வரைபடத்தை இழுத்து விரித்தாள்.

"அப்பாவு, ஓடையோரம் கடைசியா படுத்திருக்கிறது யாரு?"

"ராக்காயி."

அந்த மூலையை அளந்தாள். பெயர் கேட்ட இடத்தில் ராக்காயி என்று தட்டினாள். மெஷின் எடுத்துக்கொண்டது.

"ரோட்டுப் பக்கம்?"

"சீனிக் கங்காணி. உசிரோட இருந்தப்பவும் ரோட்டுலதான நிப்பாரு, போறவன் வாறவன வம்புக்கிழுத்துக்கிட்டு."

சிரித்துவிட்டு இருவரும் சட்டென்று அடங்கினார்கள். ராமையா, நல்லம்மாள், இன்னும் பலர். மாமரத்தடிக்கு வந்ததும் அப்பாவு வாய் திறக்கவில்லை. அந்தப் பெயரை அவளே தட்டினாள்.

படம் வரையும் இயந்திரத்தின் பேனா மனைகளின்மேல் ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டே போனது. சத்தம் கேட்டு ஜெயபாலன் வந்தார்.

"யாரும்மா இவங்கல்லாம்? இந்த மனையில ராஜுன்னு இருக்கே, வாங்கினவரா?"

"இல்ல சார். அங்க இருக்கிறவரு. என் வீட்டுக்காரரு."

தாளில் ஊன்றியிருந்த கையை அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தன் கை எங்கே இருந்தது என்று பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து மனை போடும் சீன முதலாளியான தவுக்கேயைக் கூப்பிட்டு மலாயில் சொன்னார்:

"நாளைக்கு புல்டோசரை எடுக்காதீங்க. அந்த மனைகள்ல ஏற்கெனவே ஆள் இருக்கு."